வடக்குச் சுவரில் ஒரு குதிரைக் காலண்டர்

புதிதாக ஆய்வுக்கூட உதவியாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி துறை அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு விதிகளைப் பற்றி எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு யோசனையும் சொன்னார்கள். பாதுகாப்பு விதிகள் நம் கட்டடத்தின் எல்லாத் தளங்களிலும் மூன்று மொழிகளில் ஒட்டப்பட்டிருக்கின்றன. முப்பத்தோரு வருட வேலையில் அவற்றை நின்று முழுதாகப் படித்த ஒரே மனிதரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் மழைக்கு ஒதுங்கிய தபால்காரர். ஆகவே விதிகளை விட்டுவிட்டு, ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறேன்.

மூளையையும் நினைவையும் ஆராயும் பிரிவில், இரண்டாவது மாடியில், நீச்சல் அறை என்று ஒன்று இருக்கிறது. நீந்துவது எலிகள். நடுவில் ஆளுயரம் அகலமுள்ள வட்டத் தொட்டி. தண்ணீரில் நச்சில்லாத கறுப்புச் சாயம் கரைத்திருக்கும். நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு சிறு மேடை. எலியைத் தொட்டியில் விட்டால் அது தடுமாறி நீந்தி, ஒருவழியாக மேடையைக் கண்டுபிடித்து ஏறி நிற்கும். அடுத்த முறை வேறு பக்கத்திலிருந்து விடுவோம். மேடை மறைந்திருப்பதால் சுவரிலுள்ள அடையாளங்களைப் பார்த்துத்தான் அது வழி தெரிந்துகொள்ள வேண்டும். நாலைந்து நாளில் சாதாரண எலிகூட நேராக மேடைக்குப் போய்விடும். எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறதோ அவ்வளவு நல்ல நினைவாற்றல் என்று கணக்கு. மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது.

இதற்காக நான்கு சுவர்களிலும் முக்கோணம், வட்டம், சதுரம், சிலுவை என நான்கு அட்டைகள் இருந்தன. அவற்றின் வடிவத்தை முடிவு செய்ய ஒரு குழு இரண்டு முறை கூடியது. பளபளப்பான பிளாஸ்டிக் உறை போடுவது என்று மூன்றாவது கூட்டத்தில் தீர்மானமானது. எலி இருக்கும் இடத்திலிருந்து அவை எப்படித் தெரிகின்றன என்று பார்க்க நான்காவது கூட்டம் ஒன்று தேவைப்பட்டது. அது நடக்கவில்லை.

ஐந்தாவதாக ஒன்றும் அந்த அறையில் இருந்தது. அதற்கு எந்தக் குழுவும் கூடவில்லை. வடக்குச் சுவரில் ஆணி அடித்து நானே மாட்டியது.

குதிரைக் காலண்டரை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். பெரிய வெள்ளைத் தாள், உள்ளங்கை அகலத்தில் கறுப்பும் சிவப்புமாக எண்கள், குதிரைப் பந்தய நாளானால் ஒரு குதிரைப் படம், ஓரத்தில் தமிழ்த் தேதி, சீனத் தேதி, இஸ்லாமியத் தேதி. நான் பந்தயம் கட்டுகிறவன் இல்லை. தேதி எனக்கு ஒரு பலவீனம், அவ்வளவுதான். சூலியா தெருவில் நான் தேயிலை வாங்கும் கடை முதலாளி ஒவ்வொரு வருடமும் ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுப்பார். நான் வேலை பார்க்கும் நேரத்தில் பாதி நீச்சல் அறையில் கழிவதால் அங்கேயே மாட்டினேன். வருடம் முடிந்ததும் பழையதை எறிய மாட்டேன். அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைப்பேன். எறிந்துவிட்டால் நடந்ததை எதை வைத்துச் சரிபார்ப்பது?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எனக்கு மேலிருந்த மூத்த உதவியாளர் பதிவேட்டைக் காட்டி ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். கட்டத்தில் டிக் மட்டும் போடு, வார்த்தையாக எதையும் எழுதாதே, எழுதினவன்தான் அகப்படுவான் என்றார். அவர் இருபத்தெட்டு வருடம் டிக் போட்டு, ஒரு முறையும் அகப்படாமல், பொன்னாடையோடு வீட்டுக்குப் போனார். நான் அவர் சொன்னபடி பதிவேட்டில் டிக் போட்டேன். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் தமிழில் தனியாக எழுதி வந்தேன். அன்று தண்ணீரின் சூடு, யார் வந்தார், யார் உடம்புக்கு முடியாமல் எம்.சி. எடுத்தார், ஃபெரிப் படகு தாமதம், மழை, உணவகத்தில் மீன்கறி சரியில்லாதது, எல்லாம் இருக்கும். மேலதிகாரிகளைப் பற்றிச் சில வரிகளும் இருக்கும். அவற்றை அவர்கள் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியவை.

இனி வாசுகி. கடலுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாம் பிள்ளை. அங்கே தமிழ்ப்பள்ளி, பிறகு ஆறாம் படிவம், உயிர்மருத்துவத்தில் இளநிலைப் பட்டம், அப்புறம் எங்களிடம் நரம்பறிவியலில் முதுநிலை ஆய்வு. கல்யாண வீடுகளில் அவளிடம் நியூரோ என்றால் என்ன என்று கேட்பார்கள். அவள் சொல்லி முடிக்குமுன் தங்கள் தலைவலிக்கு மருந்து கேட்பார்கள். அப்பா மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். மகள் மூளையை ஆராய்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். யாருடைய மூளை என்பதைச் சொல்லவில்லை. அம்மாவுக்கு எலி என்றால் பயம். மகள் வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் சமையலறைக்குள் விடமாட்டார்.

வாசுகியின் மடிக்கணினியில் ஒரு தன்விவரக் குறிப்பு இருந்தது. படித்த பள்ளி, பட்டம், தெரிந்த மொழிகள் எல்லாம் நிரப்பியாயிற்று. 'ஆய்வுப் பின்னணி' என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் ஒரு வரி காலி. அந்த வரியை நிரப்பப் பெகாகா வரவேண்டும்.

பெகாகா நம் வல்லாரைதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை வல்லாரைச் சம்பல் உண்டு, மூளைக்கு நல்லதென்று. அதைச் சாப்பிட்டு வளர்ந்த என் தம்பி பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத் தேர்வை மூன்று முறை எழுதினான். எங்கள் பேராசிரியர் இந்தச் செடியை விஞ்ஞானமாக்கப் புறப்பட்டிருந்தார். அவர் நம்மவர். தமிழ்ப்பள்ளியில் படித்தவர், அதை ஏறிய மேடையில் எல்லாம் சொல்கிறவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். முடிவு தெரிந்த பிறகு சோதனை செய்வதில் அவருக்கு விருப்பம் அதிகம். மாக் மண்டினில் மாத்திரை செய்கிற ஒரு நிறுவனம் பெகாகாவைக் குப்பியில் அடைத்து விற்கத் தயாராக இருந்தது. பெப்ரவரியில் ஒரு மூலிகைக் கண்காட்சி. அதற்குள் எலிகள் புத்திசாலியாக வேண்டும்.

முறைப்படி என்ன செய்ய வேண்டும்? பெகாகா கொடுத்த எலிகளையும் வெறும் தண்ணீர் கொடுத்த எலிகளையும் கலந்து, ஒரே நாட்களில், ஒரே தொட்டியில் விடவேண்டும். வாசுகி அப்படித்தான் அட்டவணை போட்டுக்கொண்டு வந்தாள். பேராசிரியர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். பெகாகா எலிகளை டிசம்பரிலேயே முடித்துவிடு, நிறுவனத்துக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்றார். அப்படியானால் தண்ணீர் எலிகள் என்று அவள் கேட்டாள்.

"அத ஜனவரில பாத்துக்கலாம். தண்ணி எங்கம்மா ஓடிப்போயிடப் போகுது?"

நான் அப்போது அந்த அறையில்தான் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். தவறு என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் அந்த வேலையைப் பார்த்தவனுக்கு அதுகூடத் தெரியாமல் இருக்குமா? என் வேலை தண்ணீரின் சூட்டைப் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சூட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. டிக் போட்டேன்.

டிசம்பரில் பெகாகா எலிகள் பிரமாதப்படுத்தின. மூன்றாம் நாளே நூல் பிடித்ததுபோல் மேடைக்கு நீந்தின. பேராசிரியர் தொட்டியருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஜனவரியில் தண்ணீர் எலிகளின் முறை வந்தது. அவை வட்டம் போட்டன, தொட்டிச் சுவரைப் பிறாண்டின, ஐந்தாம் நாளும் முதல் நாள் போலவே முழித்தன. பெகாகா எங்கே, தண்ணீர் எங்கே என்று இரண்டு கோடுகள் வரைபடத்தில் வானத்துக்கும் பூமிக்குமாகப் பிரிந்து நின்றன. பேராசிரியர் கண்காட்சிக்குச் சுவரொட்டி எழுத உட்கார்ந்தார். ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் வாசுகியினுடையது என்றும், அவளுக்குத் தன்னிடமே முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் என்றும் துறை முழுவதும் கேட்கும்படி சொன்னார். அவளுடைய உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. ஆகவே அது சாதாரணப் பேச்சு இல்லை.

பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தபோது அவள் மட்டும் என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், பெகாகா எலிய எல்லாரும் பாக்குறாங்க. தண்ணி எலிய யாரும் பாக்கல."

"அதுங்களப் பாத்து என்னமா செய்ய? தோத்துப்போனதுங்க."

"அதான். எதுக்கு அவ்ளோ மோசமா தோக்கணும்? பச்சத்தண்ணி குடிச்சாலும் எலி எலிதானே. அஞ்சு நாள்ல கத்துக்கணும் லா. இதுங்க ஒன்னுமே கத்துக்கல. பெகாகா எலி கெட்டிக்காரன்னு சொல்றது இருக்கட்டும், இதுங்க ஏன் இப்படி மக்கு?" நாற்காலியை மேசையருகே இழுத்துக்கொண்டு கேட்டாள். "ஜனவரில அந்த ரூம்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தோரு வருடச் சுத்தக்காரனிடம் கேட்கிற கேள்வியா? ஒன்றும் மாற்றவில்லை என்றேன். அதே சூடு, அதே சாயம், அதே விளக்கு, அதே துண்டு. வேண்டுமானால் பதிவேட்டைப் பார் என்றேன். பார்த்தாள்.

"எல்லாம் டிக்காவே இருக்கு அங்கிள். உங்ககிட்ட இன்னொரு நோட்டு இருக்குல்ல?"

அதை யாராவது ஒருநாள் கேட்கமாட்டார்களா என்று எத்தனையோ வருடமாக ஏங்கியவன் நான். எழுதுகிறவனுக்கு வாசகர் கிடைத்தால் புத்தி வேலை செய்யாது. பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். பொங்கல் விடுமுறை முழுக்க அவள் அதை வீட்டில் வைத்துப் படித்தாள். திரும்பி வந்ததும் கை கழுவும் தொட்டியருகில் நின்று, ஒரு பக்கத்தைத் திறந்து, நிதானமாக வாசித்தாள். ஜனவரி இரண்டாம் தேதிப் பக்கம்.

"'பழைய காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்தேன். இந்த வருடம் சூலியா தெருக் கடையில் மேசைமேல் நிற்கிற சின்ன அட்டைதான் கொடுத்தார்கள். பெரியவர் போய்விட்டார், மகன் காலம். சுவர் மொட்டையாக இருக்கிறது.'" நோட்டை மூடினாள். "அங்கிள், சுவர் மொட்டையா இருக்கு."

எனக்கு ஓய்வு ஆகஸ்டில். முதலில் என் நினைவுக்கு வந்தது விஞ்ஞானம் இல்லை, என் சேவைக் கோப்பு. ஆய்வு அறையில் சொந்தப் பொருளை மாட்டியவன் என்று ஒரு காரணம் கேட்கும் கடிதம் அதில் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். அதனால் வெட்கக்கேடான ஒன்றைச் சொன்னேன். வெள்ளை எலிக்குக் கண் அவ்வளவு தெரியாது, அது காலண்டரைப் பார்த்திருக்காது என்றேன்.

அவள் நீச்சல் அறைக்குப் போய், முட்டி போட்டு, தாடை தொட்டியின் விளிம்புக்குக் கீழே போகும்வரை குனிந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தாள். நான்கு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அந்தப் பழைய காலண்டர் இருக்கிறதா என்று கேட்டாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்து அதே ஆணியில் மாட்டினேன். டிசம்பர் தாள் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"இங்க வந்து பாருங்க அங்கிள்."

முழங்கால் வலியோடு குனிந்தேன். குழு மூன்று முறை கூடி முடிவு செய்த முக்கோணமும் வட்டமும் சதுரமும் சிலுவையும் அங்கிருந்து தெரியவில்லை. பிளாஸ்டிக் உறையில் குழல்விளக்கு பட்டு, நான்கும் ஒரே மாதிரிப் பளபளத்துக்கொண்டிருந்தன. வடக்கில் மட்டும், சுத்தமான வெள்ளைச் சதுரமாக, ஒரு ஜன்னலைப்போல, சூலியா தெருக் காலண்டர் நின்றது. டிசம்பர் எலிகளுக்கு வழி காட்டியது பெகாகா இல்லை. ஜனவரி எலிகள் மக்கும் இல்லை. அவற்றின் விளக்கை நான் அணைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இந்த இடம்தான், அதனால் இதைச் சுருக்க மாட்டேன். அந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அவளுக்கு முன்னால் பட்டம், கட்டுரை, வேலை எல்லாம் தட்டில் வைத்திருந்தது. சொன்னால், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், மார்ச்சுக்குப் பிறகு உதவித்தொகை இல்லாமல். நான் சொன்னேன், நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, வேறு யாருக்கும் தெரியாது என்று. அவளுக்காகச் சொல்வதுபோல் சொன்னேன். அதில் பாதிக்கு மேல் எனக்காகத்தான்.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"வேற ஊர்ல யாராச்சும் இதையே திருப்பிச் செய்வாங்க. அவங்க சுவத்துல உங்க காலண்டர் இருக்காது. பெகாகா சும்மான்னு வந்துரும். அப்ப பேப்பர எடுத்து முதல் பேரு யாருதுன்னு பாப்பாங்க." காலண்டர் பக்கம் திரும்பினாள். "முதல் பேர அவர் ஏன் அவ்ளோ தாராளமா குடுத்தாருன்னு இப்பத்தான் லா புரியுது."

மறுநாள் பேராசிரியரைப் பார்க்கப் போனோம். அவர் முழுவதும் கேட்டார். எலிகள் காலண்டரில் நல்ல நேரம் பார்த்துத் தண்ணீரில் இறங்கினவா என்று கேட்டார். அவருடைய நகைச்சுவைக்கு நாங்கள் இருவரும் சிரித்தோம், சம்பளத்தில் அதுவும் அடக்கம். பிறகு, காலண்டரை எடுத்த தேதிக்கு என்ன ஆதாரம் என்றார். பதிவேட்டில் டிக் மட்டும்தானே இருக்கிறது?

வேறு வழியில்லை. நோட்டை மேசைமேல் வைத்தேன். அந்த வரிக்கு அடுத்ததாக என்ன எழுதியிருந்தேன் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அவர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்று முன்னமே சொன்னேனல்லவா, சரளமாகவே வாசித்தார். காலண்டரைப் பற்றிய வரியைத் தாண்டி, குரல் மாறாமல், அடுத்ததையும் வாசித்தார்.

"'பேராசிரியர் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வந்தார். வாசலோடு போய்விட்டார். எலிகள் அவரைத் தேடவில்லை.'"

அதன்பின் முந்தைய பக்கங்களையும் புரட்டினார். நிறையப் பக்கங்கள். நான் கூரையின் சதுரங்களை எண்ணினேன். வாசுகி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை.

"நல்லாத்தான் எழுதுறீங்க அண்ணே," என்றார் கடைசியில். எனக்கு அதைவிடத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பிறகு வாசுகியைப் பார்த்து, "ஒரு வாரம் தரேன். காலண்டர்தான்னு காட்டு. இல்லன்னா போஸ்டர் அச்சுக்குப் போயிரும்," என்றார்.

காட்டுவதற்கு அவள் வைத்திருந்த திட்டம் எளிமையானது. மிச்சமிருந்த எலிகள் சில, பெகாகாவின் வாசனைகூட அறியாதவை. அவற்றுக்குக் காலண்டர் மாட்டிய அறையில் ஐந்து நாள் பயிற்சி. ஆறாம் நாள் காலண்டரை எதிர்ச் சுவருக்கு மாற்றுவது. மேடை இருந்த இடத்திலேயே இருக்கும். எலிகள் மேடைக்குப் போனால் பேராசிரியர் ஜெயித்தார். காலண்டரின் பின்னால் போனால் நாங்கள்.

பயிற்சியில் ஒருநாள்கூட இடைவெளி விழக்கூடாது. நான்காம் நாள் தைப்பூசம். ஊரே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது, பாதிச் சாலைகள் மூடியிருந்தன, நான் வீட்டிலிருந்து நடந்தே போனேன். வாசுகி பால்குடம் வேண்டியிருந்தாள். அதிகாலையிலேயே எடுத்து முடித்துவிட்டு, பத்து மணிக்கு மஞ்சள் புடவையும் நெற்றி நிறைய விபூதியும் வெறும் காலுமாக ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"வந்துட்டேன் அங்கிள்."

"உள்ள வராத. முகம் கழுவு, சந்தனத்தக் கழுவு, கோட்டு மாட்டு, செருப்ப மாத்து. அப்புறம் எலி முருகனப் பாத்து நீந்துச்சுன்னு இன்னொரு பிரச்சன வேணாம்."

அன்றைக்கு அந்த அறையில் என்னென்ன இருந்தன என்று பட்டியல் போட்டு, டிக் இல்லாமல், வார்த்தையாக எழுதினேன். நாங்கள் நின்ற இடம் உள்பட.

பச்சைத்தண்ணீர் குடித்த அந்த எலிகள் ஐந்தாம் நாள் முடிவில் டிசம்பரின் பெகாகா எலிகளைப்போலவே நேராக மேடைக்கு நீந்தின. அதுவே பாதி பதில். ஆறாம் நாள் காலை காலண்டரைத் தெற்குச் சுவரில் மாட்டினோம். பேராசிரியர் வந்தார். எலியை நீங்களே விடுங்கள் என்று வாசுகி துண்டை அவர் கையில் கொடுத்தாள். இல்லையென்றால் நாங்கள் தள்ளிவிட்டோம் என்று பின்னால் ஒரு பேச்சு வரும் என்பது அவள் கணக்கு. கோட்டின் கையை மடித்துக்கொண்டு அவர் எலியைத் தண்ணீரில் விட்டார். அவர் ஓர் எலியைக் கையில் எடுத்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்பதை என் நோட்டைப் பார்த்தால் சொல்லிவிடலாம். அன்று சொல்லவில்லை.

எலி ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெற்கே, காலண்டரை நோக்கி முழு நம்பிக்கையோடு புறப்பட்டது. காலண்டர் கணக்குப்படி மேடை இருக்கவேண்டிய இடத்தில் சுற்றிச் சுற்றித் தேடியது. பேராசிரியர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அங்க இல்லடா. இந்தப் பக்கம். இந்தப் பக்கம் வா."

எலி அவரைத் தேடவில்லை. இரண்டாவது எலியும் தெற்கே போனது. மூன்றாவதும். நான்காவதை அவர் எடுக்கவில்லை. துண்டை மடித்து மேசையில் வைத்தார். குனிந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், நான்கு சுவரையும் பார்த்தார். எழுந்திருக்கும்போது முழங்கால் அவருக்கும் பிடித்துக்கொண்டது.

"போஸ்டர நிறுத்தச் சொல்லிடு," என்றார் வாசுகியிடம். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த துறைக் கூட்டத்தில், சோதனை அறைகளில் கவனிக்கப்படாத அடையாளங்களைத் தம் குழு கண்டுபிடித்திருப்பதாக இருபது நிமிடம் பேசினார். குழுவில் யார் யார் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாசுகி இரண்டு வகை எலிகளையும் கலந்து, புது அடையாளங்களோடு, சோதனையை முதலிலிருந்து செய்தாள். உறையில்லாத, பெரிய, கறுப்பு வெள்ளை அடையாளங்கள். அவற்றின் வடிவத்தை ஒரே மாலையில் அவளும் நானும் முட்டி போட்டு முடிவு செய்தோம். மார்ச்சுக்குப் பிறகு ஐந்து மாதம் உதவித்தொகை இல்லை. பட்டர்வொர்த்தில் வீடு வீடாக டியூஷன் சொல்லிக் கொடுத்தாள். பெகாகா எலிகளும் தண்ணீர் எலிகளும் ஒன்றுபோலவே கற்றுக்கொண்டன. பெகாகா ஒன்றும் செய்யவில்லை. மாக் மண்டின் நிறுவனம் வேறொரு செடியைத் தேடிப் போனது, பேராசிரியரும் கூடவே போனார். அவளுடைய அப்பாவுக்குத்தான் வருத்தம். அப்படியானால் நாம் சாப்பிடுகிற வல்லாரை எதற்கு என்று கேட்டாராம். ருசிக்குப்பா என்று சொன்னாளாம்.

எனக்கு நான் எதிர்பார்த்த கடிதம் வந்தது. சொந்தப் பொருளை ஆய்வு அறையில் மாட்டியதற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். தேதிவாரியாக இரண்டு பக்கம் பதில் எழுதினேன். அதைப் படித்தார்களா என்று தெரியாது. பத்து நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது, கட்டடத்தின் எந்தச் சுவரிலும் காலண்டர் கூடாது என்று. கணக்குப் பிரிவிலும் கழற்றிவிட்டார்கள். அங்கே எலி எதுவும் நீந்துவதில்லை.

ஆகஸ்டில் எனக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள். வாசுகியின் வாய்மொழித் தேர்வு அதற்கு இரண்டு மாதம் கழித்து. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பெகாகாவைப் பற்றிப் பத்து நிமிடமும் காலண்டரைப் பற்றி ஒரு மணி நேரமும் கேட்டாராம். தேர்ச்சி கொடுத்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். காலண்டரின் அகலம், உயரம், நிறம், தரையிலிருந்து ஆணியின் உயரம் எல்லாம் ஆய்வேட்டில் சேரவேண்டும். அன்று மதியம் அவள் எனக்குத் தொலைபேசினாள்.

"அங்கிள், அந்தக் காலண்டர் உங்க வீட்லதானே இருக்கு? அளந்து சொல்லுங்க. இன்னொன்னு, தேதிக்கு ஆதாரம் போடணும். உங்க நோட்டப் போடலாமா?"

பெயரோடா என்று கேட்டேன். பெயரோடுதான் என்றாள். எழுதினவன்தான் அகப்படுவான் என்று முதல் வாரத்தில் கேட்டது ஞாபகம் வந்தது. போடு என்றேன்.

அவள் இப்போது வேறொரு நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். விண்ணப்பம் அனுப்புமுன் தன்விவரக் குறிப்பை எனக்கு அனுப்பியிருந்தாள். காலியாக இருந்த வரி நிரம்பியிருந்தது. ஒரு சோதனையில் எலிகள் வழி கண்டது மூலிகையால் அல்ல, சுவர்க் காலண்டரால் என்று காட்டியதாக எழுதியிருந்தாள். நேர்காணலில் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டார்களாம்.

அவளுடைய ஆய்வேடு நம் நூலகத்தில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். செய்முறை அத்தியாயத்தின் கடைசியில், காலண்டர் ஜனவரி இரண்டாம் தேதி அகற்றப்பட்டது என்று ஒரு வரி வரும். அதன் அடிக்குறிப்பில் என் பெயரும் 'சொந்த நோட்டுப் புத்தகம்' என்ற சொற்களும் இருக்கின்றன. முப்பத்தோரு வருட வேலையில் விஞ்ஞானத்தில் எனக்குக் கிடைத்த இடம் அதுதான், நான் செய்த தவறுக்கு நானே சாட்சியாக. நான் டிக் போட்ட பதிவேடுகள் கீழ்த்தளத்தில் மூன்று அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றை யாரும் இதுவரை மேற்கோள் காட்டவில்லை.

வடக்குச் சுவரில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது. சுற்றறிக்கையில் காலண்டரைத்தான் தடை செய்திருக்கிறார்கள், ஆணியைப் பற்றி ஒன்றும் இல்லை. என்றைக்காவது நீங்கள் அதில் ஒரு துண்டையோ கோட்டையோ தொங்கவிடத்தான் போகிறீர்கள். தொங்கவிட்ட நாளையும் எடுத்த நாளையும் எழுதி வையுங்கள். அடுத்த வரியில் பேராசிரியரைப் பற்றி எழுதுவதானால் வேறு நோட்டில் எழுதுங்கள்.